கிழக்குச் சரிவின் நாற்பது படங்கள்

எங்கள் தெருவில் அவரை ‘டச்சப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மறைவில் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் சொந்தப் பெயரைக் கேட்டது போலத் திரும்பிப் பார்ப்பார். மருந்துக் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டுடியோ. முன்பக்கம் ஒரு கண்ணாடி அலமாரி, மேசை, கம்ப்யூட்டர், படம் வெட்டும் பலகை. பின்னால் நீலத் திரை தொங்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறை. அந்த அறையின் சுழல் நாற்காலியில் ஒரு தடவையாவது முதுகை நிமிர்த்தி உட்காராத ஆள் இந்த ஊரில் குறைவு.

பெரிய கலைஞர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். வெளிச்சம் தெரியும், பொறுமை உண்டு, கை சுத்தம். அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதைத் திறமை என்பதா பழக்கம் என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஒரு முகத்தைக் கண்டால் அதில் எது இருக்கக் கூடாது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், காலரில் தொங்கும் நூல். வந்தவர் கேட்காமலேயே எடுத்துவிடுவார். பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து, குறையின் மேல் பூச வேண்டும், அவ்வளவுதான் வித்தை. பூசி முடித்ததும் பழைய படத்தின் மேலேயே, அதே எண்ணில் சேமித்துவிடுவார். கேமராவின் கார்டையும் அன்றைக்கே துடைத்துவிடுவார்.

“பழசையும் ஒரு பக்கம் வெச்சிருக்கலாமே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பருவோட இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அவங்களே வேணாம்னு நினைக்கிறது.”

ஒரே ஒரு தடவை இது வம்பில் முடிந்தது. தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துப் போனார். மனுவில் அங்க அடையாளம், வலது கன்னத்தில் மச்சம். படத்தில் மச்சம் இல்லை. மனு திரும்பி வந்தது. மனிதர் கடை வாசலில் வந்து நின்றார்.

“என் மச்சத்த எங்கய்யா வெச்சிருக்க? நாப்பது வருஷமா என் கன்னத்துலதான் இருந்துச்சு.”

“அழகா இருக்கட்டுமேன்னுதான்...”

“அழகாத்தான் இருக்கு. ஆனா அது நான் இல்லையாம், ஆபீஸ்ல சொல்றாங்க.”

தெருவே சிரித்தது. டச்சப்பும் சிரித்தார். உள்ளே படங்களை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும், “இனிமேலாச்சும் கேட்டுட்டுத் துடைங்க,” என்றார். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

காட்டுக்கு அவரை இழுத்துப் போனது டீச்சர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் டீச்சர்தான். ஊருக்கு வடக்கே இருக்கும் மலையின் இரண்டு சரிவுகளில் கோடாலி படாத காடு இருந்தது. பழங்காடு என்பார் டீச்சர். கிழக்குச் சரிவை ஒரு மரக் கம்பெனி குத்தகைக்குக் கேட்டிருந்தது. அது பழங்காடு என்று நிரூபித்தால் குத்தகைக்கு விட முடியாது, அப்படி ஒரு விதி. நிரூபிக்க ஆதாரம் வேண்டும். டீச்சர் ஒரு சின்னக் கேமராவோடு தனியாக ஏறி, படம் எடுத்துக்கொண்டு வந்து, பிரிண்ட் போடச் சொல்லி மேசையில் வைத்தார்.

டச்சப் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “டீச்சர், இதுல எது மரம், எது உங்க விரல்?”

“இவ்வளவு பேசுறீங்களே, நீங்களே வந்து எடுங்களேன்.”

“எவ்வளவு தூரம்?”

“ஆறு மணி நேரம் ஏறணும்.”

“நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற ஆளு டீச்சர்.”

“மெதுவா ஏறுங்க. மரம் எங்கயும் ஓடிடாது.”

அவர் ஏறினார். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மணி நேரம் பையையே திறக்கவில்லை என்று டீச்சர் பின்னால் சொன்னார். பாசி மூடிய ஒரு வேரில் உட்கார்ந்து மேலே பார்த்தபடி இருந்தாராம். முப்பது வருடம் நீலத் திரைக்கு முன்னால் நின்ற மனிதர். திரும்பி வந்ததும் மனைவி கேட்டார், “அப்படி என்னங்க இருக்கு அங்க?” அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “அங்க யாரையும் சிரிங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.”

“அப்போ இங்க நான் சிரிக்காதது உங்களுக்கு வசதிதான்,” என்றார் மனைவி.

அதன்பின் நான்கு வருடம், வருடம் ஒருமுறை, ஒரே மாதத்தில் இருவரும் ஏறினார்கள். டீச்சர் கிழக்குச் சரிவில் நாற்பது இடங்களில் இரும்பு முளை அடித்து எண் தகடு மாட்டியிருந்தார். ஒவ்வொரு முளையிலும் நின்று, கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்து, நோட்டில் குறித்த திசையில் ஒரு படம் எடுக்க வேண்டும். தகடு படத்தின் ஓரத்தில் தெரிய வேண்டும். டீச்சர் டேப்பால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டே வருவார். காட்டிலேயே கேமராவின் சின்னத் திரையில் ஒரு பார்வை பார்த்து, “சரி, அடுத்தது,” என்பார். எதற்காக இந்த முளை, படத்தில் எதைத் தேடப்போகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. பட்டனை அழுத்துகிறவருக்கு அது வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். இவரும் கேட்கவில்லை.

ஒரு காடு பழையது என்பதற்கு அடையாளம் அதன் பெரிய மரங்கள் மட்டும் அல்ல. நின்றபடியே செத்த மரம், விழுந்து மக்கும் மரம், அந்த மக்கிய மரத்தின் மேல் வரிசையாக முளைத்த கன்றுகள், பொந்து, பூஞ்சை, ஒடிந்து தொங்கும் கிளை. இவை சேர நூற்றாண்டுகள் ஆகும். நட்டு வளர்த்த தோட்டத்தில் இவை இருக்காது. விதிப் புத்தகத்தில் இவைதான் வரிசையாக எழுதியிருந்தன. எனக்கே இது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

வியாபாரம் ஓய்ந்திருக்கும் மத்தியான நேரத்தில் டச்சப் கம்ப்யூட்டரில் காட்டைத் திறப்பார். அவர் மனைவி என்னிடம் சொன்னது இது. ஒருநாள் பின்னால் வந்து நின்று பார்த்திருக்கிறார்.

“இங்க மொட்டையா ஒரு மரம் நின்னுச்சே, எங்க போச்சு?”

“அது செத்த மரம். பார்க்க நல்லாவா இருக்கு?”

“அது அங்க இருக்குல்ல?”

“இருக்கு. இது ஆபீசர் பார்க்கப்போற படம்மா. வீட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயவா விரிப்போம்? பார்த்த உடனே இத எப்படி வெட்ட மனசு வரும்னு அவருக்குத் தோணணும்.”

அவர் மனைவி படம் வெட்டும் பலகைக்குத் திரும்பிவிட்டார். ‘அன்னிக்கு இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்’ என்று பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார்.

செத்த மரங்களை வானத்தால் பூசினார். விழுந்த மரங்களைப் பெரணிச் செடியால் மூடினார். ஒடிந்த கிளைகளை நீக்கினார். பூஞ்சையை, அது ஏதோ தோல் வியாதி என்பது போல, துளித்துளியாக எடுத்தார். ஒரு படத்துக்கு நான்கு மத்தியானம், ஐந்து மத்தியானம். வாடிக்கையாளரின் முகத்துக்குக் கூட அவர் இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. முடித்ததும் வழக்கம்போல் அதே எண்ணில், பழைய படத்தின் மேலேயே. நான்கு வருடப் படங்களும் அப்படித்தான், புது வருடத்துப் படம் சேர்ந்ததும் முந்தின வருடத்ததை அழித்துவிடுவார். அவர் அந்தக் காட்டை நேசித்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேசிப்பதை அப்படியே விட்டுவைப்பது வேறு படிப்பு. அது எளிதில் வருவதில்லை.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கம்பெனி மேற்குச் சரிவையும் சேர்த்துக் கேட்டது. டீச்சர் அலறியடித்துக்கொண்டு வந்தார். மழை பிடித்திருந்தது. இருவரும் தூறலில் ஏறி, இரண்டே நாளில் பதினைந்து இடங்களை எடுத்தார்கள். இறங்கிய அன்றே கோப்பைக் கொடுக்க வேண்டும். திருத்த நேரமில்லை. ஒரு படத்தில் லென்ஸில் மழைத்துளி, ஒன்றில் டீச்சரின் குடை, இன்னொன்றில் அவருடைய பையே கிடந்தது.

“இதக் குடுக்கவே கூச்சமா இருக்கு டீச்சர். என் பேரே கெட்டுப்போயிடும்.”

“யாரு உங்க பேரப் பார்க்கப்போறா? குடுங்க.”

டீச்சரின் அறிக்கையைப் பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். எழுத்துகளைப் பார்த்தேன். படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

மாவட்ட அலுவலகத்தின் மாடியில், நீண்ட மேசை போட்ட அறையில் விசாரணை நடந்தது. காலை பதினொரு மணி. டச்சப் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தார். கிழக்குச் சரிவின் நாற்பது படங்களையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆல்பமாகக் கட்டியிருந்தார். அதிகாரி அதைப் புரட்டியபோது, “நல்லா எடுத்திருக்கீங்க,” என்று தலையை உயர்த்திச் சொன்னார். டச்சப்பின் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கம்பெனியின் வக்கீல் சத்தம் போடாத மனிதர். டீச்சரைப் பார்த்து, “முளை எண் பதினாலு, வடக்குப் பக்கம். உங்க அறிக்கையில என்ன எழுதியிருக்கீங்க, படிக்கிறீங்களா?” என்றார்.

டீச்சர் படித்தார். “நின்றபடி காய்ந்த மரங்கள் இரண்டு. விழுந்த மரம் ஒன்று, நீளம் முப்பத்தோரு மீட்டர். அதன் மேல் இளங்கன்றுகள்.”

“இப்போ அந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க.”

ஆல்பத்தை டீச்சரின் பக்கம் திருப்பி வைத்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெரணி, அதற்கு மேல் வெளிச்சம், அதற்கு மேல் வானம்.

“வேற முளையா இருக்கும்,” என்றார்.

“தகட்டுல பதினாலுன்னுதானே இருக்கு? சரி, அத விடுங்க. இந்தப் பெரணி. இந்த இலையோட நுனியப் பூச்சி கடிச்சிருக்கு, தெரியுதா? இந்தா, இங்கயும் அதே கடி. இங்கயும். இங்கயும். ஒரே பூச்சி நாலு செடியில ஒரே மாதிரி கடிச்சிருக்கு. ரொம்ப ஒழுங்கான பூச்சி.”

யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. “இன்னும் இருபது படம் இப்படி இருக்குங்க ஐயா. ஒண்ணு கேமரா பொய் சொல்லுது. இல்ல, டீச்சர் பொய் சொல்றாங்க. எதுன்னு நாங்க சொல்ல வேண்டியதில்ல.”

டீச்சர் மெல்லத் திரும்பி டச்சப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. டச்சப்புக்கு அதற்குள் விளங்கிவிட்டது. உட்கார்ந்தே இருந்திருக்கலாம். பிரிண்டில் ஏதோ கோளாறு என்று முனகியிருக்கலாம். அப்போது பழி டீச்சரின் நோட்டின் மேல் விழுந்திருக்கும். அவர் எழுந்தார். எழுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“ஐயா, டீச்சர் எழுதினதுதான் நிஜம். நான்தான் துடைச்சேன்.”

“எதுக்கு?” என்றார் அதிகாரி.

“நல்லா இருக்கணும்னு.”

“துடைக்காத படம் இருக்குல்ல? அதக் கொண்டாங்க.”

“இல்லைங்க.”

“ஒண்ணு கூடவா இல்ல?”

“வெச்சுக்கிற பழக்கம் இல்லைங்க.”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நேரில் வந்து பாருங்கள் என்று டீச்சர் கெஞ்சினார். ஆனால் மழையில் பாதை சரிந்து கிடந்தது, முடிவு சொல்ல ஒன்பது நாள்தான் மிச்சம். அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு ஆல்பம், அது பொய். நோட்டை மட்டும் நம்பு என்றால் எந்த அதிகாரி நம்புவார்?

மேற்குச் சரிவின் படங்களையும் வக்கீல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மழைத்துளி, குடை, பை, மொட்டை மரங்கள், மக்கிய கட்டைகள், எல்லாம் அறிக்கையில் இருந்தபடியே இருந்தன. குறை சொல்ல இடமில்லை. மேற்குச் சரிவு பழங்காடு என்று ஏற்கப்பட்டது. இரண்டு நாளில், அவசரத்தில், கூச்சத்தோடு கொடுத்த படங்கள் அதைக் காப்பாற்றின. நான்கு வருடம் கண்ணில் வைத்துப் பார்த்த கிழக்குச் சரிவு குத்தகைக்குப் போனது.

வெயில் காலம் முழுக்க லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் இறங்கின. சத்தம் கேட்டதும் டச்சப் பின்னறைக்குள் போய்விடுவார், ஆள் உட்கார்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருநாள் தப்ப முடியவில்லை. கடைக்கு எதிரிலேயே ஒரு லாரி நின்றுவிட்டது. மேலே ஒரே ஒரு அடிமரம்தான், அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். “முளை இருபத்தேழுக்குத் தெற்க நின்னது,” என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

விசாரணைக்குப் பிறகு தெருவில் யாரும் அவரை டச்சப் என்று கூப்பிடவில்லை. ‘ஸ்டுடியோ சார்’ ஆனார். மரியாதைக்காகத்தான். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கும். மனைவி ஆறுதலாக, “நீங்க கெட்டது நினைச்சா செஞ்சீங்க?” என்றபோது, “கெட்டது நினைச்சு செஞ்சிருந்தா திருந்தியாவது இருக்கலாம்,” என்றார்.

டீச்சர் பல மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த வருடம், அவர்கள் வழக்கமாக மலை ஏறும் மாதத்தில், ஒரு மத்தியானம் நோட்டுகளோடு வந்தார். நான் அப்போது கடையில் இருந்தேன். டச்சப் எழுந்து நின்றார்.

“ஆல்பம் இருக்கா?” என்றார் டீச்சர்.

“இருக்கு.”

“எடுங்க. அந்தச் சரிவுக்கு இப்போ உலகத்துல இருக்கிறது இந்த நாப்பது படம்தான். அங்க என்ன இருந்துச்சுன்னு எங்கயாவது சரியா இருக்கணும். கேஸுக்கு இல்ல. சும்மா.”

“என்ன பேசறதுன்னு தெரியல டீச்சர்.”

“நீங்க ஒண்ணும் பேச வேணாம். போன தடவைக்கு முந்தின தடவை மலை ஏறிட்டு வந்தப்புறம், இந்தக் கண்ணாடி அலமாரியில நம்ம காட்டுப் படம் ஒண்ணு மாட்டியிருந்தீங்க. நானும்தான் நின்னு பார்த்தேன். ஏதோ குறையுதேன்னு தோணுச்சு. வெளிச்சம்னு நினைச்சுட்டுப் போயிட்டேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சிவப்புப் பென்சில் இருக்கா?”

முதல் படத்திலிருந்து தொடங்கினார்கள். டீச்சர் நோட்டைப் படிப்பார். டச்சப் படத்தின் மேல் சிவப்பில் கோடு இழுப்பார். இங்கே ஒரு மொட்டை மரம், உயரம் இவ்வளவு. இங்கே விழுந்தது, தலை கீழ்ப்பக்கம். சிலவற்றை நோட்டு சொல்வதற்கு முன்பே அவர் கை வரைந்துவிட்டது. பதினாலாவது படத்தில் விழுந்த மரத்தின் மேல் கன்றுகளை ஒவ்வொன்றாகக் குறித்தார். “பதினொண்ணு,” என்றார். டீச்சர் நோட்டைப் பார்த்து, “பதினொண்ணுதான்,” என்றார். அப்போது மட்டும் இருவர் முகத்திலும் ஏதோ கொஞ்சம் இளகியது. மனைவி டீ வைத்துவிட்டுப் போனார். ஆறிப்போனது.

முப்பத்தொன்றாவது படத்தில் அவர் கை நின்றது. இடது ஓரத்தில், கீழே, பெரணி கொஞ்சம் அதிக மழமழப்பாக இருந்தது.

“இங்க பூசியிருக்கேன். என் கைதான், தெரியுது.”

டீச்சர் நோட்டில் விரல் வைத்துத் தேடினார். முன்னும் பின்னும் புரட்டினார். “இதுல இல்லையே. ஒரு சாண் சுற்றளவுக்குக் குறைஞ்சத நான் எழுதல. சின்னதாத்தான் இருந்திருக்கும். என்ன அது?”

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இலை, இலை, இலை. வாசலில் இரண்டு பேர் வந்து நின்று, ஆள் வேலையாக இருப்பதைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

“ஞாபகம் வரல டீச்சர்.”

“மெதுவா யோசிங்க.”

“யோசிச்சிட்டேன். வரல.”

டீச்சர் காத்திருந்தார். பிறகு நோட்டில் ஒரு புதிய வரியில் எழுதி, அவர் பார்க்கும்படி திருப்பி வைத்தார். ‘முளை 31, இடது ஓரம்: ஏதோ ஒன்று இருந்தது.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் ஒன்றும் வரையாமல் ஒரு வட்டம் மட்டும் போட்டுவிட்டு, முப்பத்திரண்டாவது படத்தை எடுத்தார்.